பெயர் உறைந்த நாள்: கடல் கடந்த அரிய குடும்பப் பெயர்களைத் தேடத் தொடங்குபவர்களுக்கு

தமிழ்நாட்டில் ஒருவரை நிறுத்தி "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டால் விழிப்பார். அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அதோடு சரி. அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். ஆனால் பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியன், குவாதலூப், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவின் டர்பன் என்று போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஐந்தாறு தலைமுறையாக ஒரே பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. உறவு தேடி அங்கிருந்து ஒருவர் எழுதுகிறார், அல்லது இங்கே ஒருவருக்குத் தன் பாட்டனாரின் அண்ணன் கப்பலேறிய கதை நினைவுக்கு வருகிறது. தேடல் அப்படித்தான் தொடங்கும். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் முதல் முறையாக இறங்குபவர்களுக்கு.

எல்லாரும் முதலில் கேட்பது "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும், அதனால் பெரிய பயனும் இல்லை. கருப்பன் என்றால் கருப்பன்தான். கருப்பன் என்ற பெயரில் ஆயிரம் பேர் கப்பலேறியிருப்பார்கள். உருப்படியான கேள்வி வேறு. ஒரு மனிதனுடைய சொந்தப் பெயர் எந்த நாளில், எந்த எழுத்தர் கையால், அவன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பொதுப் பெயராக எழுதப்பட்டது? அந்த நாளைத்தான் நான் "உறைந்த நாள்" என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் குடும்பப் பெயரே கிடையாது. அதனால் அதே பெயரைத் தமிழ்நாட்டு ஊர்களில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

படி 1: வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

நேராகக் கப்பல் பட்டியலுக்குப் போகாதீர்கள். இன்று உயிரோடு இருப்பவரிடம் ஆரம்பித்து, பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கி அடுக்குங்கள். ஒவ்வொரு தாளிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாகத் திருத்தினால், பின்னால் உதவப்போகும் தடயத்தை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

அந்தத் தாள்களில் கண் தேட வேண்டியது ஓர் எண். ஒப்பந்தக் கூலியாகப் போனவர் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. நேட்டாலில், அதாவது டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்கப் பகுதியில், அதைக் காலனி எண் என்றார்கள், மொரீஷியஸில் குடியேறி எண், ரீயூனியனில் மட்ரிக்யூல். பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள். எண்ணை அப்படி எழுத முடியாது, சம்பளமும் ஒப்பந்தமும் அதில்தான் நின்றன. அதனால் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் திருமணப் பதிவிலும்கூடப் பெற்றோரின் எண் வந்து உட்கார்ந்திருக்கும். நேட்டாலில் இந்த எண்கள் வந்து சேர்ந்த வரிசையில் ஏறின. 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர். ஆகவே எண் சிறியதாக இருந்தால் 1860களில் வந்தவர் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். 1866க்கும் 1874க்கும் இடையில் அங்கே ஆள் எடுப்பதே நின்றிருந்தது. அந்த ஆண்டுகளில் வந்ததாக வீட்டில் கதை இருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பெரியவர்கள் சொல்லும் ஊர்ப் பெயரையும் அவர்கள் வாயில் வருகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: "நாங்கள் மதராஸ்" என்றாலோ "காரைக்கால்" என்றாலோ அது பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகம்தான். பிறந்த ஊர் உள்ளே எங்கோ இருக்கும்.

படி 2: எழுத்துக்கூட்டலைப் பார்த்தாலே தீவு தெரியும்

எனக்குப் பிடித்த படி இது. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தரும் பிரெஞ்சு எழுத்தரும் அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். கேட்பதில் ஒரு பழக்கம் உண்டு என்பதால் பிழையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

"சாமி" என்று முடியும் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ராமசாமி, வீராசாமி, முத்துசாமி. இந்த ஈற்றில் 'எஸ்' எழுத்து இரண்டு இருந்தால் அது பிரெஞ்சுக் கை. பிரெஞ்சில் இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் 'ஸ' ஒலியாக இல்லாமல் 'இஸட்' ஒலியாக அதிரும். அதைத் தவிர்க்கத்தான் இரட்டித்தார்கள். 'ஏ' எழுத்துக்குப் பின்னால் ஒரு 'டபிள்யூ' நுழைந்து "சாவ்மி" என்று படிக்கத் தோன்றினால் மொரீஷியஸாக இருக்க வாய்ப்பு அதிகம்; நெடில் ஆகாரத்தைக் காட்ட அங்கே அப்படி எழுதினார்கள். 'எம்' இரண்டு போட்டு "சம்மி" என்று இருந்தால் கயானா பக்கம் பாருங்கள். எதுவும் இரட்டிக்காமல், நடு உயிரெழுத்தையும் விழுங்கி "ராம்சாமி", "முன்சாமி" என்று வந்தால் தென்னாப்பிரிக்கா. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் முதல் ஊகத்துக்கு இது என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

இன்னும் சில அடையாளங்கள்:

- 'உ', 'ஊ' ஒலிக்குப் பிரெஞ்சுக்காரர் 'ஓ-யூ' போடுவார், ஆங்கிலேயர் 'ஓ' இரண்டு போடுவார். முத்துசாமி குவாதலூப்பில் ஒரு விதமாகவும் மொரீஷியஸில் வேறு விதமாகவும் எழுதப்பட்டது இதனால்தான்.
- தமிழில் 'அன்' என்று முடிவது பிரெஞ்சுப் பதிவில் அடிக்கடி 'ஐ-என்' ஆகிவிடும். கோவிந்தன், வெங்கடேசன், இலட்சுமணன் எல்லாம் ரீயூனியனில் இந்த வாலோடு திரிகிறார்கள்.
- 'அம்' என்று முடிவது 'ஓ-எம்' ஆகும். குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் போராடி 1923இல் வென்ற ஆன்றி சிதம்பரோம் பெயரைப் பாருங்கள், அது நம் சிதம்பரம். வைத்திலிங்கமும் ரீயூனியனில் இதே வழியில் போனார்.
- ஆங்கிலேயர் நம் குறில் அகரத்தைப் பல இடங்களில் 'யூ' எழுத்தால் எழுதினார்கள். அதைப் பார்த்து "ரு" என்றோ "லு" என்றோ படிக்காதீர்கள். "ருங்கசாமி" என்று தெரிவது ரங்கசாமி. "லுச்மி" என்று தெரிவது இலட்சுமி. மொரீஷியஸில் சி-யூ-ஆர்-பி-இ-என் என்று எழுதும் பெயர் வேறு யாருமில்லை, கருப்பன்.
- பிள்ளை பிரெஞ்சு வாயில் "பூலே" ஆனார், நேட்டாலில் "பில்லே". முதலி நேட்டாலில் "மூட்லி".

பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டு, எழுதியவரின் மொழி உச்சரிப்பில் சொல்லிப் பாருங்கள். பாதிப் பெயர்கள் அங்கேயே தமிழுக்குத் திரும்பிவிடும்.

அவசரப்பட்டுத் தமிழ் என்று முடிவுகட்டவும் வேண்டாம். மதராஸில் கப்பலேறியவர்களில் விசாகப்பட்டினம், கஞ்சம் மாவட்டத்துத் தெலுங்கர்கள் நிறைய. அப்பலசாமி என்ற பெயரோடு தமிழ்நாட்டில் ஊர் ஊராக அலைந்தால் கால்தான் வலிக்கும். அது சிம்மாசலம் நரசிம்மரின் பெயர் வழி வருவது, ஆந்திராவின் வடகோடி.

படி 3: உறைந்த நாளைக் கண்டுபிடிப்பது

இடத்துக்கு இடம் பெயர் உறைந்த விதம் வேறு. இது புரியாமல் தேடினால் தவறான ஆளின் வம்சத்தை அழகாக வரைந்து வைத்திருப்பீர்கள்.

நேட்டால் பதிவேட்டில் போனவரின் பெயர் ஒரு கட்டத்திலும் தந்தை பெயர் இன்னொரு கட்டத்திலும் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒட்டியது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம், அல்லது இரண்டுமே இல்லாமல் சாதிப் பட்டமாக இருக்கலாம். பிள்ளை, நாயுடு, முதலி, படையாச்சி, நாயக்கர், செட்டி போன்ற பட்டங்கள் தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கில் குடும்பப் பெயரானது இப்படித்தான். அவை அரிய பெயர்கள் அல்ல; அவற்றை வைத்துப் பரவலை ஆராய்வதில் பயனில்லை. நீங்கள் தேடும் அரிய பெயர் பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் சொந்தப் பெயராக இருக்கும். இதில் ஒரு சிக்கல். கூடப் பிறந்த இரண்டு அண்ணன் தம்பிகள் அவரவர் பெயரையே பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால், ரத்த உறவுள்ள இரண்டு குடும்பங்கள் இன்று இரண்டு பெயரில் இருக்கும். பெயர் ஒன்று என்பதால் குடும்பம் ஒன்றாகாது, பெயர் வேறு என்பதால் குடும்பம் வேறாகவும் ஆகாது.

மொரீஷியஸில் இன்னொரு அடுக்கு உண்டு. 1834இல் ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, ஆளுநர் லா பூர்தொனே காலத்தில், 1735க்குப் பிறகு, புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அந்த வழி வந்த குடும்பத்தைக் குடியேறி எண்ணில் தேடினால் கிடைக்காது. ஆகவே பெயர் பிரெஞ்சுச் சாயலில் இருந்து, எண்ணும் எங்கும் தட்டுப்படாவிட்டால், பழைய பிரெஞ்சுக் காலப் பதிவுகளுக்குப் போங்கள். மற்றவர்களுக்குத் தந்தை பெயர் மகனுக்குக் குடும்பப் பெயர், மகன் பெயர் பேரனுக்கு என்று ஒன்றிரண்டு தலைமுறை தமிழ் வழக்கம்போல் நகர்ந்து, பிறகு ஏதோ ஒரு பதிவில் நின்றுபோயிருக்கும். அது நின்ற பதிவைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படியின் வேலை.

குடும்பப் பெயரே ஒரு பெண்ணின் பெயராக இருந்தால் தயங்கி நில்லுங்கள். மீனாட்சியும் இலட்சுமியும் ரீயூனியனிலும் மார்த்தினிக்கிலும் குடும்பப் பெயர்களாக வாழ்கிறார்கள். தாலி கட்டிய திருமணத்தை அரசுப் பதிவு ஒப்புக்கொள்ளாத இடங்களில் பிள்ளைகளைத் தாய் பெயரில் எழுதினார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் தேட வேண்டிய கப்பல் பதிவு ஒரு பெண்ணுடையது. தகப்பன் வழியில் தேடித் தேடி ஓய்ந்தவர்கள் பலர், இந்த ஒரு திருப்பத்தைக் கவனிக்காததால்.

எல்லாவற்றிலும் சுலபமானது புதுச்சேரி, காரைக்கால் பெயர்கள். அங்கே உறைந்த நாளுக்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி, பிரெஞ்சிந்தியாவில் ஒருவர் தன் சாதி, சமய வழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்பார்கள். துறக்கும்போது ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். சிலர் தந்தை பெயரையே கொடுத்தார்கள், சிலர் பிரெஞ்சுச் சொல்லை எடுத்தார்கள். காலணி அணிந்து நீதிமன்றம் ஏறிய உரிமைக்காக 1873இல் வழக்காடிய வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை 'லப்போர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். புதுச்சேரியில் லப்போர்த் வீதி இன்றும் இருக்கிறது. இவ்வகைப் பெயர் கையில் கிடைத்தால் பரம்பரைக் கதை எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. துறப்புப் பதிவைத் தேடுங்கள். யார், எந்தத் தேதியில், யாருக்கெல்லாம் சேர்த்து அந்தப் பெயரை எடுத்தார் என்பது அதிலேயே இருக்கும்.

மலேசியாவில் இந்த உறைதல் நடக்கவில்லை. அங்கே "அனாக் லெலாக்கி", அதாவது இன்னாரின் மகன், என்று எழுதும் வழக்கம் தந்தை பெயரைத் தலைமுறைக்குத் தலைமுறை மாறவிட்டது. அதனால் இந்தக் கட்டுரையின் முறை அங்கே பெரிதாகப் பயன்படாது.

படி 4: மாற்று வடிவங்களின் பட்டியல்

சான்றிதழ்களில் கண்ட வடிவங்கள், படி 2இன் விதிகளால் நீங்களே உண்டாக்கும் வடிவங்கள், இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பத்துப் பதினைந்து வரும். தேடுபெட்டியில் முழுப் பெயரை மட்டும் போட்டு "இல்லை" என்று எழுந்துவிடக் கூடாது. நடு எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறி போட்டும் தேட வேண்டும். கையெழுத்தில் 'என்'னும் 'யூ'வும், 'எல்'லும் 'டி'யும் ஒன்றுபோல் தெரியும் என்பதால் அந்தக் குழப்பத்தில் பிறக்கும் வடிவங்களையும் சேருங்கள்.

படி 5: எந்தப் பதிவேடு, எங்கே

நேட்டால் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றி, பெயர் கொண்டும் எண் கொண்டும் தேடும்படி செய்திருக்கிறார்கள். முதல் கப்பல் 'ட்ரூரோ' மதராஸிலிருந்து 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. மொத்தம் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழி.

மொரீஷியஸுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையம். சுமார் நாலரை லட்சம் இந்தியர்களின் குடியேற்ற ஆவணங்கள் அங்கே. 1860களிலிருந்து பலருக்குப் புகைப்படமும் எடுத்து வைத்தார்கள். எண் சரியாக இருந்தால் கொள்ளுப்பாட்டனின் முகமே கிடைக்கலாம்.

ரீயூனியனுக்கு இரண்டு இடங்கள். மட்ரிக்யூல் பதிவேடுகள் சேன்-தெனியில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸிலுள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில்; இணையத்தில் பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். புதுச்சேரி, காரைக்கால் பதிவுகளும் குவாதலூப், மார்த்தினிக் பதிவுகளும் அதே தளத்தில்தான். 'ஓரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்குக்கும் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் முதல் இந்தியர்களைக் கொண்டு சேர்த்தது. அதற்கு முன்னால் அங்கே தேட வேண்டாம். ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு 1882இல் நிறுத்திவிட்டது. பிஜியைப் பொறுத்தவரை மதராஸ் கப்பல்கள் 1903இல்தான் தொடங்கின.

எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் தளத்தில் எல்லாப் பதிவுக்கும் பெயர்த் தேடல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஊரையும் ஆண்டையும் தேர்ந்து பக்கம் புரட்ட வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதிய அகரவரிசை அட்டவணைகள் இருந்தால் அவற்றை முதலில் புரட்டுங்கள்.

சரி, பதிவு கிடைத்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது? ஒரு பாவனைப் பதிவை எடுத்துக்கொள்வோம். எண், பெயர் "மூனியன்", தந்தை "சின்னன்", வயது 23, ஆண், சாதி, ஜில்லா "என். ஆர்காட்", தாலுகா "வாண்டிவாஷ்", கிராமம் "கில்கோடங்கலூர்", உடல் அடையாளம் "இடது முழங்காலில் தழும்பு". வயதை நம்பாதீர்கள், முன்பின் ஐந்து வருடம் விட்டுக்கொடுங்கள். தந்தை பெயரை நம்பலாம், போனவர் வாயால் சொன்னது. கடைசிக் கட்டத்திலுள்ள தழும்பை அலட்சியம் செய்யாதீர்கள்: ஒரே கப்பலில் இரண்டு முனியன்கள் இருக்கும்போது, பின்னாளில் ஒப்பந்தம் முடிந்து தந்த சான்றிலும் அதே தழும்பு இருந்தால் ஆள் உறுதி. பக்கத்து எண்களையும் படியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்து நின்று பெயர் கொடுத்திருப்பார்கள். உங்கள் ஆளுக்கு ஊர்ப் பெயர் சிதைந்திருந்தால், பின்னால் நின்றவருக்குச் சரியாக விழுந்திருக்கலாம்.

சாதிக் கட்டத்தைப் பற்றி ஒரு சொல். கப்பலேற்றும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் தரகர் சொன்னதும், எழுத்தர் புரிந்துகொண்டதும், போனவரே மாற்றிச் சொன்னதும் அதில் கலந்திருக்கும். தேடலுக்கு ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்திடம் அதைத் தூக்கிக் காட்டுவதற்கு முன்னால் ஒருமுறை யோசியுங்கள். கேட்காதவரிடம் நான் சொல்வதில்லை.

படி 6: இன்று எங்கெல்லாம் பரவியிருக்கிறது

பிரெஞ்சு வழிப் பெயராக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிரான்சின் புள்ளிவிவர நிறுவனமான இன்சே, 1891 முதல் நடந்த பிறப்புகளை மாவட்டவாரியாகக் குடும்பப் பெயர் வைத்து எண்ணிய கோப்பை வெளியிட்டிருக்கிறது. அதை வரைபடமாகக் காட்டும் 'ஜியோபத்ரோனிம்' போன்ற தளங்களில் பெயரை இட்டால், 1891 முதல் 1990 வரை நான்கு கால் நூற்றாண்டுகளுக்குத் தனித்தனியாகப் படம் வரும். முதல் காலப்பகுதியின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக இருக்கும். அந்த அடிப்படைப் பதிவேடே 1940களில் தொடங்கப்பட்டது, அதற்குள் இறந்தவர்கள் அதில் இல்லை. வெளிநாட்டில் பிறந்தவர்களும் இல்லை. பூஜ்யம் என்று கண்டால் "அந்தப் பெயர் அப்போது இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

அதைவிட உதவுவது இன்சேயின் இறப்புக் கோப்பு. 1970 முதல் இறந்தவர்களின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், இறந்த ஊர் எல்லாம் இருக்கும், இலவசம். அரிய பெயருக்கு நாற்பது ஐம்பது வரிதான் வரும். அதை ஒரு தாளில் பிறந்த ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எல்லாரும் ரீயூனியனின் ஒரே கொம்யூனில் (நம் ஊராட்சி போன்றது) பிறந்திருந்தால் மூலம் அந்த ஊரின் கரும்பாலை வட்டாரம்தான். சிலர் புதுச்சேரியிலும் சிலர் சைகோனிலும் பிறந்திருந்தால் அது வேறு கதை. ரெனோன்சான்கள் பலர் பிரெஞ்சு இந்தோசீனாவில் அரசு வேலைக்குப் போனவர்கள். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்கள் வழியாகவும் இந்தப் பெயர்கள் பாரிஸ் சுற்றுவட்டாரத்துக்குப் போயின.

ஆங்கில வழிப் பெயர்களுக்கு இவ்வளவு நல்ல கோப்பு கிடையாது. ஃபேமிலிசர்ச் தளத்தின் நேட்டால் சொத்துரிமைக் கோப்புகள், பழைய தொலைபேசி அடைவுகள், கல்லறைக் கல்வெட்டுப் படங்கள் ஆகியவற்றை வைத்து நீங்களே எண்ண வேண்டும். ஃபோர்பியர்ஸ் போன்ற தளங்கள் நாடுவாரியாக எண் தரும், அவை மதிப்பீடுகள். எந்த நாட்டில் தேடலாம் என்று தெரிந்துகொள்ள எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை மேற்கோள் காட்டாதீர்கள்.

படி 7: ஒரு வேரா, பல வேரா

முத்துசாமி என்ற பெயருக்கு நூறு வேர் இருக்கும். ஒவ்வொரு முத்துசாமியும் தனியாக வந்து தனியாக உறைந்தவர். ஆனால் பெயர் வினோதமாகச் சிதைந்திருந்தால், தமிழ்க் காதுக்கே பிடிபடாத அளவுக்குச் சிதைந்திருந்தால், அது ஒரே ஆளிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஒரு எழுத்தர் ஒரு நாள் செய்த பிழையை இன்னொருவர் அப்படியே செய்வது அபூர்வம். அரிய பெயர்க்காரர்கள் தங்கள் பெயர் "தப்பாக" இருக்கிறதே என்று குறைப்படுவதுண்டு. தேடுகிறவனுக்கு அந்தத் தப்புதான் அடையாள அட்டை.

சோதிப்பது எப்படி? கிடைத்த எல்லாக் கிளைகளையும் 1900 வரையாவது பின்னுக்குக் கொண்டுபோங்கள். ஒரே தோட்டத்தில், ஒரே தந்தை பெயரில் வந்து சேர்ந்தால் ஒரு வேர். சேராவிட்டால் இரண்டு கிளையிலிருந்தும் மரபணுச் சோதனை செய்துகொள்ளச் சம்மதிக்கும் ஆண்கள் இருந்தால், தந்தை வழி ஒய் குரோமோசோம் ஒப்பீடு பதில் சொல்லும். பெண்ணின் பெயரில் உறைந்த குடும்பத்துக்கு இந்தச் சோதனையை அப்படியே பொருத்த முடியாது.

படி 8: கடைசியாக ஊர்

இங்கேதான் நான் இரண்டு மாதம் வீணடித்தேன். எனக்கு வந்த நகலில் ஜில்லாக் கட்டம் வெட்டுப்பட்டிருந்தது, தாலுகா "சித்தூர்" என்று இருந்தது. பெயரின் சாயலைப் பார்த்துப் பாலக்காட்டுப் பக்கச் சித்தூர் என்று நானாக முடிவுகட்டி, அங்கே ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்தேன். முழு நகல் வந்த பிறகு பார்த்தால் வட ஆற்காடு. 1911இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை சித்தூர் வட ஆற்காட்டில்தான் இருந்தது, இன்று ஆந்திரா. அன்றிலிருந்து ஜில்லா தெரியாமல் நான் ஊரைத் தொடுவதில்லை.

எனவே முதலில் பழைய ஜில்லாவை இன்றைய மாவட்டமாக மாற்றுங்கள். வட ஆற்காடு 1989இல் இரண்டானது: ஒன்று பின்னாளில் வேலூர் என்றும் மற்றது திருவண்ணாமலை என்றும் நின்றன. வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019இல் பிரிந்தன. தென்னாற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்றானது, 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. திரிச்சினாப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், செங்கல்பட்டு ஜில்லாக்களும் இப்படியே பல துண்டுகளாகின. தாலுகாப் பெயர்கள் ஆங்கிலச் சிதைவில் இருக்கும்: வாண்டிவாஷ் வந்தவாசி, கிங்கீ செஞ்சி, சிலம்ப்ரம் சிதம்பரம்.

பிறகு கிராமம். மேலே பாவனைப் பதிவில் "கில்கோடங்கலூர்" என்று பார்த்தோம். வந்தவாசித் தாலுகாவின் கிராமப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தால் கீழ்க்கொடுங்கலூர் தானாக வந்து நிற்கும். கீழ், மேல், பெரிய, சின்ன போன்ற முன்னொட்டுகளை விட்டுவிடாதீர்கள். கீழ் என்றும் மேல் என்றும் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பது சாதாரணம். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் கிராமப் பட்டியல் இருக்கும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஜில்லா கையேடுகளையும் பார்க்கலாம்.

ஊருக்கே போனால் என்ன கேட்பது? குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. போனவரின் பெயர், அவர் தகப்பன் பெயர், போன ஆண்டு, இந்த மூன்றைச் சொல்லுங்கள். "கப்பலுக்குப் போன வீடு எது" என்று கேளுங்கள். வயதானவர்கள் சிலர் மொரீஷியஸை "மோரீசு" என்பார்கள். குலதெய்வம் எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே குடும்பத்தில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் முனியன், சின்னன், முனியன் என்று மாறி மாறி வரும் வீடு ஒன்று அங்கே இருந்தால், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைத் திறவுங்கள்.